விதையில் வந்த கொய்யா, கிளையில் நின்ற கொய்யா

பழனியில் பஸ் ஏறி திண்டுக்கல் பக்கம் திரும்பினால், கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறை வாங்குவதற்குள் ஆயக்குடி வந்துவிடும். ஊர்ப் பலகையைத் தேட வேண்டியதில்லை. சாலையோரத்தில் கூடை கூடையாகக் கொய்யா அடுக்கியிருந்தால் அதுதான் ஊர். அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆயக்குடி என்றால் இலவசப் பயிற்சி வகுப்பு. மற்ற எல்லோருக்கும் கொய்யா.

அதிகாலையில் சந்தைப் பக்கம் ஒதுங்கினால் இன்னொன்றும் காதில் விழும். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வண்டியோடு வந்த வியாபாரி ஒரு பெட்டியைக் காலால் லேசாகத் தட்டி, "பேரக்கா என்னா விலை?" என்று கேட்பார். கமிஷன் கடைக்காரர், "கொய்யாவா? முதல்ல காயைப் பாருங்க சேட்டா, விலை பொறவு பேசுவோம்" என்பார். ஒரே பழம், இரண்டு பேர். அவர் பேசுவது மலையாளம், இவர் பேசுவது தமிழ் என்றுதான் நினைப்போம். உண்மையில் இரண்டு வாயிலும் இருப்பது போர்த்துக்கீசியம்.

பேரக்காவிலிருக்கும் 'பேர', பேரிக்காய்க்குப் போர்த்துக்கீசியர் சொல்லும் 'பேரா'. புதுப் பழத்தைப் பார்த்ததும் ஊரில் விட்டுவந்த பேரிக்காய் ஞாபகம் வந்திருக்கிறது அவர்களுக்கு. வங்காளத்தில் 'பேயாரா', சிங்களத்தில் 'பேர' எல்லாம் அந்த வழிதான். இந்திக்காரர்கள் 'அம்ரூத்' என்கிறார்களே, அது பாரசீகச் சொல். அங்கேயும் அதற்குப் பேரிக்காய் என்றுதான் அர்த்தம். தெலுங்கர்கள் நாவல் குடும்பத்தில் சேர்த்து 'ஜாம' என்றுவிட்டார்கள். செடியியல்படி பார்த்தால் அவர்கள் சொன்னதில் பாதி நியாயம் உண்டு, கொய்யாவும் நாவலும் ஒரே குடும்பம்தான். கிராம்பும் யூகலிப்டஸும்கூட அதே வீட்டுப் பங்காளிகள். நம் அக்கம்பக்கத்தில் இந்தப் பழத்தை அதன் பிறந்த ஊர்ப் பெயரிலேயே கூப்பிடுவது ஏறக்குறைய நாம் மட்டும்தான். கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் சொன்னது 'குவயாபா' என்கிற மாதிரி ஒரு சொல். ஸ்பானியர் வாயில் அது 'குவயாபா'வாகவே நின்றது. போர்த்துக்கீசியர் வாயில் 'கொய்யாபா' ஆனது. கடைசி எழுத்தை நாம் தின்றுவிட்டோம். 'கொய்' என்று ஒரு வினைச்சொல் நம்மிடம் ஏற்கெனவே இருந்ததால், அணில் கடிக்கும் வரை யாரும் கொய்யாத பழம் என்று வாத்தியார்கள் விளக்கம் சொல்லும் அளவுக்கு அது தமிழாகிவிட்டது.

அமேசான் காட்டோரத்துப் பழைய குடியிருப்புகளிலும் பெருவின் கடலோர மணலிலும் தொல்லியலாளர்கள் தோண்டியபோது, கொய்யா விதைகள் பல ஆயிரம் ஆண்டுப் பழமையோடு கிடைத்தன. ஸ்பானிய அதிகாரி ஒவியேதோ 1526-ல் அச்சிட்ட நூலில் கொய்யா மரம் வருகிறது. அதற்குள்ளாகவே தீவு தீவாகப் பரவி நின்ற மரம் அது. பரப்பியவர்களில் மனிதர்கள் கொஞ்சம். பறவை, வௌவால், குரங்கு, பன்றி நிறைய. கொய்யா விதையை நம் பல்லாலேயே உடைக்க முடிவதில்லை. பறவை வயிற்றுக்கும் அதே கதிதான். பழத்தைத் தின்றவன் எங்கே போகிறானோ அங்கே விதையும் போகும். காலாபகஸ் தீவுகளுக்குப் பிற்காலத்தில் மனிதர்கள் கொண்டுபோன கொய்யாவை அங்குள்ள ராட்சத ஆமைகள் ஆசையாகத் தின்று, மெதுவாக நடந்து நடந்து மேடெல்லாம் விதைத்திருக்கின்றன. இன்றைக்கு அங்கே அது பெரிய களை.

கடலைத் தாண்ட இரண்டு வழிகள் இருந்தன. 1565-லிருந்து ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஆண்டுதோறும் வந்து போயின. அந்த வழியில் பிலிப்பைன்ஸுக்குப் போன கொய்யாவுக்கு அங்கே 'பயாபஸ்' என்று பெயர். இன்னொரு வழி போர்த்துக்கீசியருடையது: பிரேசில், ஆப்பிரிக்கக் கரை, 1510-ல் அவர்கள் கைக்கு வந்த கோவா. நம் சமையலறையில் பாதியை இறக்கிவிட்ட வழி இது. மிளகாய், அன்னாசி, பப்பாளி, முந்திரி, பரங்கி எல்லாம் அந்தக் கூட்டம்தான். கூடவே மேசை, ஜன்னல், சாவி, அலமாரி என்று சொற்களும் இறங்கின. அவற்றோடு ஒரு கொய்யா விதை எந்தப் பையில் வந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. மிளகு வாங்க வந்தவனுக்குக் கொய்யா ஒரு சரக்கே இல்லை. வழியில் தின்ன வைத்திருந்ததோ, தின்றுவிட்டுத் துப்பியதோ.

இங்கேதான் விதையின் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விதை ஒன்று போட்டால் செடி ஒன்றா முளைக்கும் என்று நம் ஊரில் கேட்பார்கள். நெல்லுக்கு அந்தக் கேள்வி சரி. கொய்யாவுக்குச் சரிவராது. ஒரே பழத்தின் நூறு விதைகளை நட்டால் நூறு விதமாக நிற்கும்: ஒன்று உருண்டை, ஒன்று கழுத்து நீண்டது, ஒன்று புளிப்பு, ஒன்று தித்திப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று ரோஜா நிறம். அதனால் கொய்யா கரையேறிய ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு புதுக் கொய்யாக் கூட்டமே முளைத்தது. படித்தவர்களையே இது குழப்பியது. செடிகளுக்கெல்லாம் பெயர் வைத்த சுவீடன்காரர் லின்னேயஸ் 1753-ல் இதற்கு 'சிடியம்' என்று பேரினப் பெயர் போட்டார். அது கிரேக்கத்தில் மாதுளைக்கு உரிய சொல். போர்த்துக்கீசியனுக்குப் பேரிக்காய், சுவீடன்காரனுக்கு மாதுளை! அதோடு விடவில்லை. சில ஆண்டுகள் கழித்து, உருண்டைப் பழம் ஓர் இனம், பேரிக்காய் வடிவப் பழம் வேறோர் இனம் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதினார். ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளுக்கு மூக்கு வேறு வேறாக இருக்கிறது என்பதற்காக இரண்டு சாதிச் சான்றிதழ் கொடுத்த கதை. பிறகு வந்தவர்கள் அதைத் திருத்தி ஒன்றாக்கினார்கள்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு சிவப்புக் கொய்யா நின்றது. மேலே மஞ்சளாக இருக்கும், பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. அப்பத்தாவுக்கு அந்த மரத்தின் மேல் ஏகப்பட்ட பெருமை. நல்ல பழமாகப் பார்த்து விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டி, உலர்த்தி, தொட்டியில் போட்டு, கன்றுகளை வேலியோரமாக நட்டார். மூன்று வருஷம் பாத்திரம் கழுவிய தண்ணீரெல்லாம் அதற்குத்தான். முதல் காய்ப்பில் ஒரு மரத்துப் பழத்தை அரிவாள்மணையில் வைத்து இரண்டாகப் பிளந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே பால் வெள்ளை. "மூணு வருஷம் தண்ணி குடிச்சிட்டு இப்படி ஏமாத்திப்புடுச்சே" என்று அவர் அந்த மரத்தைத் திட்டியது எனக்கு இன்றும் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரி கண் வைத்துவிட்டாள் என்பது அவருடைய முடிவு.

கண் வைத்தது யார் என்பதைக் கண்டுபிடித்தவர் இன்றைய செக் நாட்டிலுள்ள புருனோ நகரத்து மடத்துத் துறவி ஒருவர். ஆசிரியர் தேர்வில் தேறாதவர். கிரகோர் மெண்டல் 1856-லிருந்து எட்டு ஆண்டுகள், சுமார் 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து, கூட்டி, எண்ணி, குறித்து வைத்தார். அந்தக் காலத்தில் பெரிய மூளைகளெல்லாம் நம்பியது வேறு: தாயும் தகப்பனும் பாலும் தண்ணீரும் போலப் பிள்ளையில் கலந்துவிடுகிறார்கள் என்று. டார்வினுக்கும் பரம்பரை எப்படி ஓடுகிறது என்பது பிடிபடவில்லை. 1868-ல் அவர் சொன்ன விளக்கம் நிற்கவில்லை. கலப்பதுதான் உண்மையென்றால், சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாக வெளுத்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எல்லாம் ஒரே வெளிறிய நிறமாக நிற்க வேண்டும். மெண்டலின் பட்டாணி அப்படிச் செய்யவில்லை. ஒரு தலைமுறை ஒளிந்திருந்த குணம் அடுத்த தலைமுறையில் கொஞ்சமும் கரையாமல் திரும்பி வந்தது.

நம் ஊர் உவமையில் சொன்னால் இது குடவோலை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் வருமே, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்று. கொய்யாவின் சதை நிறத்துக்கு ஒவ்வொரு மரத்திடமும் இரண்டு ஓலை. ஒன்று தாயிடமிருந்து வந்தது, ஒன்று தகப்பனிடமிருந்து. இரண்டும் சிவப்பாக இருந்தால் பழம் சிவப்பு. ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை என்றாலும் பழம் சிவப்புதான், ஏனென்றால் சிவப்பு ஓலை வெள்ளையை மறைத்துவிடும். பள்ளிப் புத்தகத்தில் 'ஓங்கு பண்பு', 'ஒடுங்கு பண்பு' என்று படித்தோமே, அதுதான். இரண்டும் வெள்ளையாக அமைந்தால்தான் வெள்ளைப் பழம். ஒவ்வொரு விதைக்கும் தாய்க் குடத்திலிருந்து ஓர் ஓலை, தகப்பன் குடத்திலிருந்து ஓர் ஓலை. அப்பத்தாவின் மரம் வெளியே சிவப்பு, உள்ளே ஒரு வெள்ளை ஓலையை மறைத்து வைத்திருந்தது. அது தன் மகரந்தத்தாலேயே காய்த்திருந்தால் நாலில் ஒரு கன்று வெள்ளையாக வருவது கணக்கு. அடுத்த வீட்டு வெள்ளை மரத்திலிருந்து தேனீ கொண்டுவந்த மகரந்தமாக இருந்தால் இரண்டில் ஒன்று. கொய்யாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப் பிற மரத்து மகரந்தத்தால் சூல் கொள்வதுதான். பக்கத்து வீட்டின் மேல் அப்பத்தா கொண்ட சந்தேகம் அப்படியொன்றும் ஆதாரமில்லாதது அல்ல.

இதில் பலரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. தேனீ வெள்ளை மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து போட்டால், அந்தச் சிவப்பு மரத்துப் பழம் வெளுக்காதா? வெளுக்காது. நாம் கடிக்கிற சதை முழுக்கத் தாய் மரத்தின் உடம்பு. தகப்பனுக்கு அதில் பங்கில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உருவாவது விதை மட்டும்தான். மகரந்தத்தின் வேலை தெரிய வேண்டுமென்றால் அந்த விதையை நட்டு, மரமாக்கி, காய்க்கும் வரை காத்திருக்க வேண்டும். பட்டாணி ஒரு பருவத்தில் பதில் சொல்லிவிடும். மெண்டல் மட்டும் கொய்யாவை எடுத்திருந்தால் பாதியில் சலித்திருப்பார்.

பட்டாணிக்கே பலன் கிடைக்கத் தாமதமானது. 1865-ல் உள்ளூர்ச் சங்கத்தில் இரண்டு கூட்டங்களில் வாசித்தார், 1866-ல் அச்சானது, யாரும் சீந்தவில்லை. பட்டாணியில் கண்டதை வேறொரு செடியிலும் உறுதி செய்யலாம் என்று பருந்துக்களை என்கிற காட்டுப்பூச் செடியை எடுத்தார். அது அவரைக் கவிழ்த்துவிட்டது. அந்தச் செடி பெரும்பாலும் தகப்பன் இல்லாமலேயே விதை வைக்கும் ரகம். விதையில் முளைப்பதெல்லாம் தாயின் நகல். அது அவருக்குத் தெரியாது. அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, 1900-ல் மூன்று பேர் தனித்தனியாக அதே முடிவுக்கு வந்து, பழைய ஏட்டைத் தேடிப் பிடித்துத் தூசி தட்டினார்கள். அதற்குப் பிறகு உலகமெங்கும் பண்ணைகளில் எல்லோரும் விதைகளை எண்ண ஆரம்பித்தார்கள். கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் அந்த அலையில் வந்ததுதான். அங்கே பிறந்த கரும்புகள் பிறகு உலகைச் சுற்றின. அது வேறு கதை.

கொய்யாவுக்கு அந்த அலை அடித்த இடம் புனே. கங்கைச் சமவெளியில் அலகாபாத்தும் லக்னோவும் ஏற்கெனவே நல்ல கொய்யாவுக்குப் பேர் வாங்கியிருந்தன. வழவழப்பான தோலும் வெள்ளைச் சதையுமாக 'அலகாபாத் சபேதா' வடக்கே ராஜாவாக இருந்தது. லக்னோவிலிருந்து வந்த விதைகளைப் புனேயின் கணேஷ்கிந்த் பழப் பண்ணையில் விதைத்துப் பார்த்தார் டாக்டர் ஜி.எஸ். சீமா. திராட்சையிலும் 'சீமா சாகேபி' என்று தன் பெயரை விட்டுச் சென்ற மனிதர். நாற்றுகள் வழக்கம்போல ஆளுக்கொரு விதமாக வளர்ந்தன. அவற்றில் ஒன்று அகலமாகக் கிளை பரப்பி, பெரிய பழமாக, பால் வெள்ளைச் சதையோடு அள்ளிக் காய்த்தது. 1927-ல் தேர்ந்தெடுத்த அந்த ஒற்றை நாற்றுக்கு லக்னோ-49 என்று பெயர். பின்னால் 'சர்தார்' என்றும் ஒரு பெயர் சேர்ந்தது. நம் பக்கத்து நர்சரிகளில் 'எல் நாப்பத்தொம்போது' என்றால் போதும். பிறந்தது புனே, பெயர் லக்னோ, பிழைப்பு ஆயக்குடி.

ஒரு மரம் நன்றாக இருக்கிறது, சரி. அதை ஆயிரம் மரமாக்குவது எப்படி? விதை போட்டால் மறுபடியும் குலுக்கல். எடுத்த நல்ல ஓலை குடத்துக்குள் போய்விடும். குலுக்கவே கூடாது என்றால் கிளையைத்தான் மரமாக்க வேண்டும். அதற்கு நம்மவர்கள் செய்வது விண்பதியம்.

மழைக்காலத்தில் பென்சில் தடிமனுள்ள கிளையாகப் பார்த்து, ஓர் அங்குல அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்துவிடுவார்கள். கத்தியின் முதுகால் அந்த வழுவழுப்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டாமல் விட்டால் பட்டை மறுபடி சேர்ந்துகொள்ளும். வேர் மருந்தைத் தடவி, ஈரமான தென்னை நார்க்கழிவை ஒரு கைப்பிடி வைத்து மூடி, மேலே பாலிதீன் தாளைச் சுற்றி, இரண்டு முனையையும் மிட்டாய்க் காகிதம் போல முறுக்கிக் கட்டுவார்கள். இலை சமைத்த சாப்பாடு பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். வழியை வெட்டிவிட்டதால் அது வளையத்தின் மேல் விளிம்பில் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் வேர் பிடிக்கிறது. ஒன்றரை, இரண்டு மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வெள்ளையாக வேர் தெரியும். கீழே வெட்டி எடுத்துப் பையில் நட்டால், புது மரம். அசலில் அது புது மரமே இல்லை, அதே பழைய மரத்தின் இன்னொரு கை.

இந்த வித்தை கொய்யாவுக்காக உண்டானதல்ல. சீனத்தில் லிச்சி மரத்துக்கு நெடுங்காலமாகச் செய்து வந்தது; அங்கே மண்ணும் துணியும் நாரும் வைத்துக் கட்டி, காயாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதே லிச்சியை ஃபுளோரிடாவில் வளர்த்த கர்னல் குரோவ் என்பவர் 1940-களில், அப்போது புதிதாக வந்திருந்த பிளாஸ்டிக் தாளைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றும் வேலை ஒழிந்தது. இன்று திண்டுக்கல் மாவட்டத்து நர்சரியில் அரைமணி நேரத்தில் முப்பது கிளைக்குத் தாள் சுற்றிக் கட்டுகிற கைக்கு, சீனத்துத் தோட்டக்காரனும் அமெரிக்கக் கர்னலும் பாட்டன் முப்பாட்டன்கள்.

நகல் எடுப்பது சுலபமானதும் போலி நகலும் வரும். பதியக் கன்று என்று சொல்லி விதைக் கன்றை விற்றுவிடுகிற ஆட்களிடம் நானும் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். அடையாளம் ஒன்றுதான்: பையைக் கிழித்துப் பார்த்தால், விதைக் கன்றுக்கு நேராக இறங்கும் ஆணிவேர் இருக்கும், பதியக் கன்றுக்கு ஆணிவேரே இருக்காது, பக்கவேர் மட்டும்தான். ஆனால் வாங்கும்போது எவன் பையைக் கிழிக்க விடுவான்?

நகல்களின் காலத்திலும் விபத்துகள் நின்றுவிடவில்லை. கொய்யாவின் ஒவ்வொரு செல்லிலும் 22 குரோமோசோம்கள், பதினோரு ஜோடி. எப்போதாவது ஒரு மரத்தில் 33 அமைந்துவிடும். மூன்று பேரை ஜோடி ஜோடியாக நிற்கச் சொன்னால் ஒருவர் மிச்சமாவது போல, விதை உண்டாகும் சமயத்தில் அங்கே பங்கீடு தகராறாகி, விதையே பிடிக்காது. விதையில்லாக் கொய்யா! கேட்டவுடன் நாக்கு ஊறும். நட்டவர்களுக்குத்தான் தெரியும், காய்ப்பு கம்மி, பழம் கோணல் மாணல். பழம் வளரச் சொல்லி உள்ளிருந்து தூண்டுவது விதை; அது இல்லாத பக்கம் சதை ஒழுங்காக வைப்பதில்லை. பெங்களூருவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்த மும்மடங்கு மரத்தை வீணாக்காமல், அலகாபாத் சபேதாவோடு சேர்த்து, விதை குறைந்த 'அர்கா அமுல்யா'வை எடுத்தார்கள். சபேதாவின் விதை நாற்றுகளிலிருந்து மெல்விதை கொண்ட 'அர்கா மிருதுளா' வந்தது. மறுபடியும் பாருங்கள், ஏதோ ஒரு விதையின் தயவுதான்.

அங்கே செய்த ஆய்வுகளில்தான் சிவப்புச் சதை வெள்ளையை மறைக்கும் ஓங்கு பண்பு என்பது கொய்யாவிலும் எண்ணிக்கையோடு உறுதியானது. அதே ஆய்வில் இன்னொரு சங்கதி: பருத்த விதை என்பதும் ஓங்கு பண்பு, அதுவும் சதை நிறமும் ஒரே கயிற்றில் கட்டியது போலச் சேர்ந்து போகும் போக்குடையவை. சிவப்புக் கொய்யா தின்ற பிறகு நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டே இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். கயிறு எப்போதாவதுதான் அறும். அறுந்த கன்றைப் பொறுக்கி எடுப்பதில்தான் ஆராய்ச்சிக்காரர்களின் ஆயுள் போகிறது. தக்காளிக்கு நிறம் தருகிற அதே லைக்கோபீன்தான் கொய்யாச் சிவப்புக்கும் காரணம் என்பதால், அது நிறைந்த 'அர்கா கிரண்' மாதிரி ரகங்களுக்கு இப்போது மவுசு. 'தைவான் பிங்க்' என்ற பெயரில் வரும் கன்றுகளுக்கும் அப்படித்தான்.

கன்று வரும்போது கூடவே வேறொன்றும் வரும் என்பது கதையின் கசப்பான பகுதி. கொய்யா விதையாகக் கடல் கடந்தபோது தன் ஊர் நோயையெல்லாம் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டு வந்தது. கழுவிய விதையில் ஒட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? பையில் மண்ணோடு பயணம் போகும் கன்று அப்படியல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு நூற்புழு இருக்கிறது, மெலாய்டோகைன் எண்டரலோபி என்று பெயர். சீனத்தின் ஹைனான் தீவில் ஒரு மரத்தின் வேரில் கண்டு 1983-ல் பெயர் வைத்தார்கள். பிரேசிலின் கொய்யாத் தோப்புகளில் 2001 வாக்கில் தலைகாட்டி அங்கே விவசாயிகளை ஓட வைத்தது. இந்தியாவில் அது முதன்முதலாகப் பதிவானது 2016-ல், தமிழ்நாட்டுக் கொய்யா வேரில். திண்டுக்கல் மாவட்டத் தோப்புகளும் தப்பவில்லை. வேரைத் தோண்டினால் மணி மணியாக முடிச்சு. மேலே இலை பழுத்து, சிவந்து, காய் சிறுத்து, மரம் கண்முன்னே காயும். வேர்முடிச்சுப் புழு என்பார்கள். வேப்பம் புண்ணாக்கு வைக்கிறார்கள், ஊடுபயிராகச் செண்டுமல்லி போடுகிறார்கள், புழு முட்டையைத் தின்னும் பூஞ்சையைத் தொழுவுரத்தில் கலந்து இடுகிறார்கள். அடங்கும், ஒழியாது.

இந்தப் புழுவுக்கு ஆண் தேவையில்லை. தாய் தனியாகவே முட்டையிடும். முட்டைகளெல்லாம் தாயின் நகல். மெண்டலைக் கவிழ்த்த பருந்துக்களையின் அதே வித்தை. ஆக, மண்ணுக்குக் கீழே நகல் புழு, மேலே நகல் மரம். எல்லா மரமும் ஒரே மரமாக இருக்கும் தோப்பில், ஒரு மரத்தின் பூட்டைத் திறக்கத் தெரிந்த திருடனுக்கு எல்லா வீடும் திறந்த வீடுதான். இதை நம் பக்கத்துக்காரர்களுக்கு வெளியூரிலிருந்து வந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆயக்குடியிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் விருப்பாச்சி இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய மலைவாழைதான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிர். வாழையும் பக்கக்கன்றால் பெருகும் நகல்தான். முடிக்கொத்து நோய் கன்றோடு கன்றாக மலை ஏறியபோது, அந்த வாழைத் தோட்டங்கள் எப்படிச் சுருங்கின என்பதைப் பெரியவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பிற்பாடு வேளாண் பல்கலைக்கழகத்தார் நோயில்லாத திசுவளர்ப்புக் கன்றுகள் கொடுத்து அதை மீட்க வேண்டியிருந்தது.

கொய்யாவுக்குப் பிரேசிலில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கொய்யாவின் காட்டுப் பங்காளியான 'அரசா' என்ற செடியை எடுத்து, கொய்யாவோடு சேர்த்து விதை எடுத்து, முளைத்ததில் புழுவுக்கு மசியாத ஒன்றைத் தேர்ந்து, அதன் வேரின் மேல் நல்ல கொய்யாவை ஒட்டுக் கட்டுகிறார்கள். அந்த வேருக்கு 'குவராசா' என்று பெயர். எங்கிருந்து விதையாகப் புறப்பட்டதோ அந்தக் காட்டுக்கே மறுபடி விதை தேடிப் போக வேண்டியிருக்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான். பதியம் இல்லாமல் சந்தை இல்லை. பெட்டி பெட்டியாக ஒரே அளவில், ஒரே ருசியில் காய் வேண்டும் என்றால் கிளைதான் கதி. ஆயக்குடி விவசாயி விதை போட்டுச் சூதாட முடியாது. ஆனால் லக்னோ-49 உட்பட நாம் நகல் எடுக்கும் அத்தனை மரத்துக்கும் மூலம், எங்கோ யாரோ வெட்டாமல் விட்ட ஒரு விதைக் கன்று. சூதாட வசதி இருப்பது நமக்குத்தான், சந்தைக்குக் காய் அனுப்பாத வீட்டுக்காரர்களுக்கு.

உங்கள் வீட்டுக் குழாயடியிலோ சாக்கடை ஓரத்திலோ கிளியோ வௌவாலோ போட்ட கொய்யாக் கன்று ஒன்று நிற்கக்கூடும். இடத்தை அடைக்கிறது என்று வெட்டிவிடாதீர்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் போதும் அதற்கு. மூன்று வருஷம் பொறுங்கள். முதல் பழத்தை நீங்களே பிளந்து பாருங்கள். நன்றாக இல்லையென்றால் அணிலுக்கு விட்டுவிடலாம். நன்றாக இருந்தால், அடுத்த மழையில் ஒரு கிளையில் தாள் சுற்றி, பக்கத்து வீட்டுக்கு ஒரு கன்று கொடுங்கள்.